மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவள் பி.ஏ. பொருளியல் சேரலாமா?

மஞ்சக்குப்பத்துப் பெண்
எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் +2 முடிக்கிறேன். தமிழ் வழி, வணிகவியல் குரூப். பொருளியலும் வணிகக் கணிதமும் இருக்கின்றன. அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அடிக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். அப்போது மீன் விலை மட்டுமல்ல, கறிக்கடையில் கோழி விலையும் ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் பதிலீட்டுப் பண்டம் (ஒன்றுக்குப் பதில் வாங்கும் இன்னொரு பொருள்) பற்றிப் படித்தபோது, இது எங்கள் வீட்டுப் பாடம் என்றே தோன்றியது. அதனால் ஊரிலேயே அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர ஆசை. சித்தப்பா பி.காம். என்கிறார். டியூஷன் சார், "பொருளியல் வேண்டுமென்றால் எம்.ஏ.வில் படி, இப்போது கணிதப் பக்கம் போ" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைவாசி
தங்கச்சி, உங்கள் டியூஷன் சார் சொல்வதுதான் சரி. நானும் தமிழ் வழியில் பி.ஏ. பொருளியல் படித்தவன். மூன்று வருடமும் வரையறை, சிறப்பியல்புகள், குறைபாடுகள் என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அப்புறம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவைசார் பொருளியல் (கணிதம், புள்ளியியல் வழியாகப் படிக்கும் பொருளியல்) முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போனேன். இரண்டு தாள். முதல் தாள் முழுக்கக் கணிதம். அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. மீதி நேரம் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. புள்ளியியலோ கணிதமோ இளங்கலையில் முடித்துவிட்டு எம்.ஏ. பொருளியலுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. வாசலை நீங்களே பூட்டிக்கொள்ளாதீர்கள்.

கெடிலக்கரை ஆசிரியர்
லாஸ்பேட்டைத் தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அது பாடத்தின் குற்றமா, படித்த விதத்தின் குற்றமா? மேல்நிலைப் பள்ளியில் பல வருடமாகப் பொருளியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் வகையீட்டின் பயன்பாடுகள் என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஒன்று துளி மாறும்போது இன்னொன்று எந்த வீதத்தில் மாறுகிறது என்று பார்ப்பதுதான் வகையீடு. இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் இறுதிநிலைச் செலவு, அதை விற்றால் வரும் இறுதிநிலை வருவாய், விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சி எல்லாம் அதில் கணக்காகவே வருகின்றன. பன்னிரண்டில் அணிகள், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல். இந்தப் பெண் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறாள். கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறோமே, அங்கேதான் கோளாறு.

இன்னொன்று. ஏலத்தில் விலை ஏறுவதைப் பார்த்து ஏன் என்று கேட்கிற பிள்ளையை, அந்தக் கேள்வியை மூன்று வருடம் மூட்டை கட்டி வை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். பொருளியலில் கணிதம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிவதும் பொருளியல்தான்.

பாகூர் பி.காம்.
நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் மூன்று வருடம் கழித்துச் சம்பளம் வேண்டும் என்றால் பி.காம். தான். படிப்பு முடிந்த மாதமே ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்தேன். ஜிஎஸ்டி தாக்கல் தெரிந்தால் கடலூரிலும் பாண்டியிலும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. எம்.ஏ. வரை படித்தால்தான் மதிப்பு என்கிற படிப்பை, ஐஸ் அடிக்கிற அப்பாவின் தலையில் ஏற்றலாமா என்று யோசிங்க பாப்பா.

மஞ்சக்குப்பத்துப் பெண்
அக்கா, அதுதான் எனக்கும் பயம். ஆனால் நான் அரசுப் பள்ளி, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். உள்ளூர்க் கல்லூரி என்றால் பஸ் செலவும் இல்லை. எம்.ஏ. முடித்தால் என்ன வேலை என்று யாராவது சொல்வீர்களா?

கெடிலக்கரை ஆசிரியர்
இந்தியப் பொருளாதாரப் பணி என்று யூபிஎஸ்சி தனியாகத் தேர்வு நடத்துகிறது. அதற்கு முதுகலைப் பொருளியல் கட்டாயம். எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண். அதில் 800 பொருளியலுக்கே. ரிசர்வ் வங்கியிலும் பொருளியல் ஆய்வுத் துறைக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள். முதுகலைக்குச் சென்னைக்கோ டெல்லிக்கோதான் போக வேண்டும் என்பதும் இல்லை. நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலை, இந்தப் பக்கம் புதுச்சேரி காலாப்பட்டில் மத்தியப் பல்கலை இருக்கின்றன.

லாஸ்பேட்டைவாசி
சார், நீங்கள் சொன்ன அந்தத் தேர்விலேயே பொதுப் பொருளியல் முதல் தாளில் கணித முறைகளும் புள்ளியியல் முறைகளும் இருக்கின்றன. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஸ்லேட்டர் காலம் வேறு. இங்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் 2010 முதல் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் குடும்பக் கடன் பற்றிக் கணக்கெடுக்கிறார்கள். கேள்வி கேட்பதோடு அந்த வேலை முடிவதில்லை. வந்த விவரத்தைக் கணினியில் ஏற்றி, எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பொருளாதார அளவையியல் முறையில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு ஒரு கணக்கு. பெட்டி எண்ணிக்கையின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால் மொத்தச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பெட்டிக்கு 500 ரூபாய். 11 பெட்டிக்கு 605. கூடுதல் பெட்டிக்கு 105 ஆகிறது. ஆனால் வகையீடு செய்து 10-ஐப் போட்டால் இறுதிநிலைச் செலவு 100 என்று வருகிறது. அந்த 5 ரூபாய் எங்கே போனது? பி.ஏ. முடித்த அன்று எனக்கு இதற்குப் பதில் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

கெடிலக்கரை ஆசிரியர்
நல்ல கேள்வி தம்பி. அந்தத் தாளில் கணிதம் இருப்பதை நான் சொல்லாமல் விட்டது தவறுதான். ஆனால் நீங்கள் அதற்குச் சொல்லும் மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. பி.ஏ. சேரட்டும், கூடவே வாரத்துக்கு ஆறு மணி நேரம் கணிதத்துக்கு ஒதுக்கட்டும். முதல் வருடம் நுண்கணிதம், இரண்டாம் வருடம் அணிகளும் நிகழ்தகவும். நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும், ஆகவே பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் வருட ப்ராஜெக்டுக்கு யாரோ எழுதியதைக் காப்பி அடிக்காமல் புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடைக்குப் போகலாம். கடலூர் வண்டிகள் எல்லை தாண்டிப் போய்ப் பெட்ரோல் போடுகின்றன. பாண்டியில் வரி குறைவு. எத்தனை கிலோமீட்டர் வரை அந்தப் பயணம் கட்டுப்படியாகும்? நூறு வண்டிக்காரர்களைக் கேட்டுக் கணக்குப் போட்டால் அதுவே ஆய்வு.

லாஸ்பேட்டைவாசி
வாரம் ஆறு மணி நேரம் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை நூற்றில் எத்தனை பேர் சார்? தேர்வில் வராததை யார் படிப்பார்கள்? நானும் படிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டப்படிப்பே கட்டாயப்படுத்தினால்தான் கணிதம் ஏறும்.

மஞ்சக்குப்பத்துப் பெண்
அண்ணா, உங்கள் கணக்கை நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். முழுப் பெட்டி கூட்டினால் 105. பாதிப் பெட்டி கூட்டினால் 51.25, அதை ஒரு பெட்டிக்கு மாற்றினால் 102.50. கால் பெட்டி கூட்டினால் 25.3125, ஒரு பெட்டிக்கு 101.25. பெட்டி சின்னதாக ஆக ஆக 100-ஐ நெருங்குகிறது. புத்தகத்தில் எல்லை என்று எழுதியிருப்பது இதுதானா? அப்பாவிடம் காட்டினேன். "கால் பெட்டிக்கு யாரும் ஐஸ் வாங்க மாட்டாங்க" என்றார்.

பி.ஏ. பொருளியலையே முதல் விருப்பமாகப் போடப் போகிறேன். இரண்டாவதாகப் புள்ளியியல். ஆறு மணி நேரத்துக்கு ஞாயிறு காலையையும் புதன் சாயங்காலத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டைவாசி
அதேதான் எல்லை. எட்டில் ஒரு பங்கு போட்டால் 100.625 வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றிப் புள்ளியியலை முதலில் போடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். எதில் சேர்ந்தாலும் சரி, ஞாயிறு கணக்கை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.