வைக்கோலிலிருந்து எரிவாயு: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். தஞ்சைப் பக்கம் எங்கள் உழவர் குழு, வைக்கோலையும் சாணத்தையும் கொண்டு அழுத்தப்பட்ட உயிர்வாயு (கழிவுகளை மட்கவைத்து எடுக்கும் எரிவாயு) ஆலை அமைக்க விரும்புகிறது. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘சதத்’ திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்களே வாயுவை வாங்கிக்கொள்கின்றன. வாகனங்களுக்கான சிஎன்ஜியிலும் குழாய்வழி வீட்டு எரிவாயுவிலும் உயிர்வாயு கலப்பது 2025-26இல் 1 சதவீதத்தில் தொடங்கிக் கட்டாயமானது. 2028-29இல் அது 5 சதவீதமாகும். ஆகவே விற்பனையைவிட வைக்கோல்தான் எங்கள் கவலை. லிக்னின் என்ற கடினமான தாவரப் பொருளும் மணலில் உள்ள சிலிக்காவும் மிகுந்த அது சாணத்தைப்போல் எளிதில் மட்காது. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். ஆலைக்கோ ஆண்டு முழுவதும் தீனி வேண்டும். மாடுகளுக்குப் போக மிஞ்சுவதைத்தான் எடுப்போம், அதில் உறுதியாக இருக்கிறோம்.

வைக்கோலைப் பதப்படுத்தி ஆலை நடத்துபவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கட்டுகளை மழையில் நனையாமல் எப்படிச் சேமிக்கிறீர்கள்? ஆலையில் மிஞ்சும் கசடிலிருந்து கிடைக்கும் உரத்துக்கான டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததா? அனுமதித்தால் நேரில் வந்து பார்க்கிறோம்.