ரெசிஸ்டருக்கு ‘தடையி’ போதும் என்று நினைக்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சுற்றில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் உறுப்பான ரெசிஸ்டருக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. மின்தடையம், மின்தடையாக்கி இரண்டும் தமிழ்நாட்டில் புழங்குபவை. தடையி இலங்கைப் பாடநூல்களில் இருப்பது. நான் தடையி பக்கம். ஏன் என்று சொல்வதற்கு முன், வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். “சித்தப்பா, 10 ஓம் மின்தடைன்னு போட்டிருக்கு. மின்தடைன்னா கரண்ட் இல்லைன்னுதானே? அப்புறம் எப்படி 2 ஆம்பியர் ஓடுது?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. ‘நாளை மின்தடை’ என்று செய்தித்தாளில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. மறுநாள் சொன்ன நேரத்தில் ஃபேன் நிற்கிறது. அதே சொல்லைப் பாடத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற பொருளில் பார்க்கும் பிள்ளைக்கு ‘ஓட்டத்தை நிறுத்துவது’ என்றுதான் தோன்றும்.

பழைய ஃபேன் ரெகுலேட்டரைக் காட்டி விளக்கினேன். சுவரில் இருக்கும் அந்தப் பெரிய சதுரப் பெட்டிக்குள் சுற்றிவைத்த கம்பி இருக்கும். குமிழைத் திருப்பினால் ஃபேனோடு தொடராகச் சேரும் கம்பியின் நீளம் மாறும். கம்பி கூடினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், பெட்டி சூடாகும். ஆனால் ‘ஆஃப்’ வரைக்கும் கொண்டுபோனால் தவிர ஃபேன் நிற்காது. தடை ஓட்டத்தை நிறுத்துவதில்லை. இத்தனை மின்னழுத்தத்துக்கு (வோல்ட்) இத்தனை ஓட்டம் (ஆம்பியர்) என்று அளவு வைக்கிறது. 10 ஓமுக்குக் குறுக்கே 20 வோல்ட் என்றால் 2 ஆம்பியர். 40 வோல்ட் கொடுத்தால் 4. அழுத்தத்தை 20-லேயே விட்டுத் தடையை 20 ஓமாக்கினால் 1 ஆம்பியர். அழுத்தம் இருக்கும்வரை ஓட்டம் குறையுமே தவிர பூஜ்யமாகாது.

ஜெர்மன் இயற்பியலர் ஜார்ஜ் சைமன் ஓம் இந்த விதியைக் கண்டுபிடித்த விதமும் கம்பி நீளத்தை வைத்துத்தான். அக்கால மின்கலங்களில் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அதனால் அவர் செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இரட்டையை (இரு முனைகளின் சூட்டு வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணை) எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி, ஓட்டத்தை அறிய, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1826-இல் அவர் எழுதிய வாய்பாட்டில் தடை நிற்க வேண்டிய இடத்தில் கம்பியின் நீளம்தான் நிற்கிறது. நூலாக வெளிவந்தது 1827-இல். பின்னால் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமன்ஸ் தடைக்கு அலகு வகுத்தபோதும் 1 மீட்டர் நீளப் பாதரசத் தம்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கம்பிக்கு நீளம் இருப்பதுபோல் தடையும் இருக்கிறது. அது பொருளிடம் உள்ள ஒரு குணம்.

அதனால்தான் ‘ஆக்கி’ எனக்கு ஒட்டவில்லை. மின்னாக்கி மின்சாரத்தை ஆக்குகிறது, சரி. ரெசிஸ்டர் தடையை உண்டாக்குவதில்லை, அதனிடம் தடை இருக்கிறது. ‘மின்தடையம்’ பொருளில் பிழையில்லாத சொல். ஆனால் காதில் விழும்போது ‘மின்தடை’யிலிருந்து பிரித்தறிவது கடினம். “மின்தடையத்தின் மின்தடை” என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

> தடையி கேட்கவே புதிதாக இருக்கிறது. தமிழில் இப்படிப் பெயரோடு ‘இ’ சேருமா?

என்று நண்பர் கேட்டிருந்தார். சேரும். நாம் உட்காரும் நாற்காலியே அப்படித்தான்: நான்கு காலை உடையது நாற்காலி, மூன்று காலை உடையது முக்காலி. தடையை உடையது தடையி. கொல்லி, உண்ணி போல வினையோடு சேர்ந்து ‘செய்வது’ என்று பொருள் தரும் ‘இ’ வேறு. இது ‘உடையது’ என்று பொருள் தரும் ‘இ’. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இனி வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிய வேண்டும். எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட். “மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டை போட்ட 470 ஓம் தடையியைத் தொடராக இணைத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும்.” தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. மாறு தடையி, தொடர் தடையி என்று நீட்டவும் வருகிறது.

அளவைக் குறிக்க மின்சுற்றுப் பாடத்துக்குள் வெறும் ‘தடை’ போதும் என்பது என் கருத்து. செய்தித்தாளின் ‘மின்தடை’யை நம்மால் மாற்ற முடியாது, மக்களிடம் வேரூன்றிவிட்டது. நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூட்டோடு தடை ஏறிவிடுகிறது. தடை உடையதெல்லாம் தடையி என்றால் பல்பையும் தடையி என்பதா, அல்லது குறிப்பிட்ட ஓமுக்கென்றே செய்து விற்கும் உறுப்பை மட்டும் அப்படிச் சொல்வதா? நான் இரண்டாவதையே விரும்புகிறேன். இலங்கை நண்பர்கள் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.