தசமபாகம் கொடுக்க முடியல, அம்மா ஊசி வேண்டாங்கிறாங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம் ஒரு சபைக்கு எட்டு வருஷமா போறோம். என் சம்பளம் 19,000, வாடகை 5,500, ஜனவரில இருந்து அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், அது காப்பீட்டு அட்டைல நடக்குது ஆனா ஆட்டோ செலவு, ஊசி எல்லாம் நம்ம கைலதான், அதனால மூணு மாசமா தசமபாக (வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை) கவர்ல 1,900 வைக்க முடியல, 300 தான் வச்சேன். கவர்ல குடும்ப நம்பர் எழுதியிருக்கும், யாரு எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். போன ஞாயிறு பாஸ்டர் வேதத்துல மல்கியா 3 எடுத்து, பத்துல ஒண்ணு கொடுக்காதவங்க தேவனை வஞ்சிக்கிறாங்க, சாபம் வரும்னு சொன்னாரு. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. இப்போ ஊசியே வேண்டாம், அந்தக் காசை கவர்ல போடுங்கிறாங்க.

பாஸ்டர்கிட்ட தனியா பேசினேன், விசுவாசத்துல விதைங்க, அதாவது நம்பிக்கையோட காணிக்கை கொடுங்கன்னு முடிச்சிட்டாரு. சபை மூப்பர் ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன், பதிலே இல்ல. அப்புறம் நானே வேதத்தை எடுத்து உக்காந்தேன். உபாகமம் 14:28-29ல மூணாம் வருஷ தசமபாகத்தை லேவியனோட (ஆலய ஊழியம் செய்த கோத்திரத்தான்) சேர்ந்து பரதேசி, திக்கற்றவன், விதவையும் சாப்பிடணும்னு இருக்கு, எங்கம்மாவும் விதவைதான். அப்போஸ்தலர் 15ல புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளுக்கு எழுதின கடிதத்துல தசமபாகம்ங்கிற பேச்சே இல்ல. 2 கொரிந்தியர் 9:7 கட்டாயமா கொடுக்க வேண்டாம்ங்குது. ஆனா மத்தேயு 23:23ல பரிசேயர்கிட்ட (அன்னைக்கு நியாயப்பிரமாணத்தை கண்டிப்பா கடைப்பிடிச்ச யூதர்கள்) இயேசு தசமபாகத்தையும் விடாதிருக்கணும்னு சொல்றாரே, அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். கொடுக்க எனக்கு ஆசைதான், அதுல மாற்றமே இல்ல.

வேதம் நல்லா படிச்சவங்க, ஊழியக்காரங்க சொல்லுங்க, மத்தேயு 23:23 இன்னைக்கு சபைக்கும் கட்டளையா?