வீடு திண்டுக்கல்லில், காண்ட்ராக்டர் கோவையில்: வழக்கை எங்கே போடுவது?

கேட்டவர்:
வணக்கம். திண்டுக்கல்லில் அப்பா வாங்கிப் போட்ட மனையில் மாடி வீடு கட்டக் கொடுத்தேன். பேசிய தொகை 54 லட்சம். இதுவரை 41 லட்சம் வங்கி வழியாகவே போயிருக்கிறது. காண்ட்ராக்டரின் அலுவலகம் கோவையில். பூச்சு வேலை பாதியில் இருக்கும்போது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர், எட்டு மாதமாகத் திரும்பவில்லை. இந்த மழையில் படுக்கையறைத் தளத்தில் கம்பி ஓடும் வரிசைப்படியே துருக்கறை கோடு கோடாக இறங்குகிறது. விரலால் தட்டினால் பூச்சு உதிர்கிறது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "தாவா எதுவானாலும் கோயம்புத்தூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே" என்று ஒரு வரி. அதற்கு மேலே, நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்று இன்னொரு வரி. நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில். படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா கோவைக்கு ஓட முடியாது. வழி உண்டா?

பதில் 1:
ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் கொடுங்கள் சார்.

பதில் 2 (சிவில் இன்ஜினியர்):
ரெரா இதற்கு வராது. அது மனையோ ஃபிளாட்டோ விற்கிற புரமோட்டருக்கு. உங்களுடையது சொந்த மனை, கட்டித்தரும் கூலி ஒப்பந்தம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கறையின் மேல் இப்போதைக்குப் பூச்சு போட்டு மூடிவிடாதீர்கள். பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்து, தளத்தைத் தட்டிப் பார்த்து, கம்பிக்குக் கீழே கான்கிரீட் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளந்து எழுதி வாங்குங்கள். நான் பார்த்த பல வீடுகளில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமலே கான்கிரீட் போட்டிருந்தார்கள். துரு வருவதற்கு அதுவே போதும்.

பதில் 3 (வழக்கறிஞர்):
சிவில் வழக்கு என்றால் அந்தக் கோவை வரி உங்களைக் கட்டும். வீடு திண்டுக்கல்லில், எதிராளி கோவையில். இரண்டு ஊர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கும்போது, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள ஒப்பந்தத்துக்கு உரிமை உண்டு. 1989-இல் ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். சம்பந்தமே இல்லாத ஊரை எழுதியிருந்தால்தான் செல்லாது. நீதிமன்றக் கட்டணமும் 3 சதவீதம் வரும்.

ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதில் வீடு கட்டுமானம் பெயரிட்டே சொல்லப்பட்டிருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம் என்கிறது அதன் பிரிவு 34(2)(d). நடுவர் வரி இருப்பதாலேயே நுகர்வோர் மன்றக் கதவு அடைபடாது என்று எமார் வழக்கில் 2018-இல் தீர்ப்பாகிவிட்டது. தொகை வரம்பு 50 லட்சம். அதற்குக் கணக்கு நீங்கள் கொடுத்த 41 லட்சம்தான், பேசிய 54 லட்சமோ கேட்கும் நஷ்ட ஈடோ இல்லை. கட்டணம் 1,000 ரூபாய்.

கேட்டவர்:
நன்றி சார், பெரிய பாரம் இறங்கியது. அந்தக் கோவை வரியே அநியாயம், அதை ரத்து செய்யுங்கள் என்றும் மனுவில் சேர்க்கலாமா?

பதில் 3:
வேண்டாம், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று முறையிட்டால் அது மாநில ஆணையத்தின் அதிகாரத்துக்குள் போய்விடும், நீங்கள் திண்டுக்கல்லை விட்டு வெளியூருக்கு அலைய வேண்டியிருக்கும். சேவைக் குறைபாடு, பாதியில் விட்ட வேலை, வாங்கிய பணம், இவற்றை மட்டும் எழுதுங்கள். அந்த வரியை எதிராளியே முதல் ஆட்சேபணையாகக் கிளப்புவார். அப்போது 34-ஐயும், இந்தச் சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானது என்கிற 100-ஆம் பிரிவையும் காட்டுங்கள்.

அப்புறம், கெடு இரண்டு வருடம். வேலை நின்ற நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றுடன் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கேட்டவர்:
நோட்டீஸ் இன்று காலை போய்விட்டது. வியாழக்கிழமை இன்ஜினியர் வருகிறார். கறையைத் தொடவில்லை.