ஊதா நிற ஹையசிந்த் இரண்டாம் ஆண்டு பூக்கவில்லை, காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். ஊதா நிறத்தில் பூக்கும் ஹையசிந்த் கிழங்குகள் ஆறும் துலிப் கிழங்குகள் பத்தும் வாங்கி, சென்ற ஆண்டு வீட்டுத் தோட்டத்தில் நட்டேன். அனைத்தும் பூத்தன, ஹையசிந்தின் மணம் வாசல்வரை வந்தது. பூ முடிந்ததும், துவண்டு கிடந்த இலைகளால் பாத்தி அலங்கோலமாகத் தெரிந்ததால், அவற்றை மண்ணோடு ஒட்ட அறுத்துவிட்டேன். இந்த ஆண்டு இலைகள் மட்டுமே வந்துள்ளன. உரம் போதவில்லையா? கிழங்குகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

பதில் 1:
எறிய வேண்டாம். இலைகளை அறுத்ததே காரணமாக இருக்கக்கூடும். கடையிலிருந்து வரும் நல்ல ஹையசிந்த் கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், வெங்காயம்போன்ற அடுக்குகளின் நடுவே, வெளிர்பச்சை மணிகள் நெருங்கிய ஒரு சிறு கதிராகப் பூங்கொத்து முன்பே உருவாகியிருப்பதைக் காணலாம். ஆகவே முதல் ஆண்டுப் பூ, கிழங்கை விளைவித்தவர் சேர்த்து வைத்த உணவில் மலர்வது. அடுத்த பூவுக்கான உணவை, பூ முடிந்த பின் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பச்சையாக நிற்கும் இலைகள்தான் சேர்த்தாக வேண்டும். காய் பிடிக்காதபடி பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலைகள் தாமாக மஞ்சளாகிச் சாயும்வரை கை வைக்காதீர்கள்.

பதில் 2:
குளிர்காலம் கடுமையாக இல்லாத இடமென்றால் இன்னொரு காரணமும் உண்டு. துலிப், ஹையசிந்த் இரண்டுக்கும் 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிர் 12 முதல் 16 வாரங்கள் தேவை. அது கிடைக்காவிட்டால் காகிதப் பையில் இட்டு ஃபிரிட்ஜில் வைத்து நடலாம். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கவே கூடாது, ஏனெனில் பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஹையசிந்த் கிழங்கைத் தொடும்போது கையுறை அணியுங்கள், தோலில் அரிப்பு ஏற்படும். கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தண்ணீர் தேங்கும் மண்ணில் மட்டும் நடாதீர்கள், அடித்தட்டிலிருந்தே அழுகிவிடும்.

பதில் 3:
துலிப்பைப் பொறுத்தவரை உங்கள்மீது குறை இல்லை. பல கலப்பின வகைகள் இரண்டாம் ஆண்டிலேயே தளர்ந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் ஊதா நிறம் வேண்டுமானால் நான் முதலில் சொல்வது அல்லியத்தை. வெங்காயத்தின் இனமான அதில் 'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற வகை, நீண்ட தண்டின் உச்சியில் பந்துபோலப் பூக்கும். அதன் இலைகள் பூக்கும்போதே வாடத் தொடங்கிவிடும், அது நோயன்று. குளிரே இல்லாத இடத்துக்கு ஊதா கிளாடியோலஸும், கசக்கினால் பூண்டு மணக்கும் இலைகளைக் கொண்ட துல்பாகியாவும் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன். நட்டபோது இருந்த பருமனில் பாதிதான் இருக்கிறது, ஆனால் கெட்டியாக உள்ளது. அதே குழியில் வைத்து மண்ணை மூடிவிட்டேன். இம்முறை இலைகள் காயும்வரை காத்திருப்பேன்.