பெங்களூர் பக்கத்தில் முட்டியைப் படுத்தாத மலைப்பாதை வேண்டும்

எனக்கு 54 வயது. பெங்களூரில் இருக்கிறேன். மலை ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் வலது முட்டிச் சில்லுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி வலி. பிப்ரவரியில் சாவனதுர்காவில் ஆரம்பித்தது. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர், ஒரே பாறை. சரிவில் நெடுந்தூரத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. கடைசியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினேன்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தேய்மானம் அதிகமில்லை, நடக்கலாம், படியும் செங்குத்து இறக்கமும் மட்டும் வேண்டாம் என்றார். முட்டி உறை, இரண்டு கைத்தடி, புது ஷூ எல்லாம் வாங்கியாயிற்று. இறக்கத்தில் வலி குறையவில்லை.

அப்புறம் நந்தி மலையில் சுல்தான்பேட்டை வழியாக 1,175 படி ஏறி, காரில் இறங்கிப் பார்த்தேன். வலி இல்லை, ஆனால் பாதி நடையை விட்டுவிட்டு வந்த மாதிரி மனசு கேட்கவில்லை. ராமதேவர பெட்டாவிலும் படிதான். துரஹள்ளிக் காட்டின் மண் பாதை முட்டிக்கு அவ்வளவு இதம். என்ன, சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

நகரிலிருந்து 80 கி.மீ.க்குள், மரநிழலும் மண் தரையுமாக, மெதுவாகச் சரிந்து இறங்கும் 8 கி.மீ. பாதை எங்கே இருக்கிறது?