உதவி: க்யூஎமு (விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேர்) விஎம் மெதுவா ஓடுது, லாக்ல (-24)

செல்வா_டர்பன்: அவசரம். லோட் ஷெடிங் (மின்வெட்டு) முடிஞ்சு ஹோஸ்ட் ஏறினதிலிருந்து வர்ட்ஐஓ-பிளாக் (விஎம்முக்குக் காட்டுற மெய்நிகர்) டிஸ்க் இழுக்குது. லாக்ல "வர்ட்ஐஓ-பிளாக் ஃபெயில்டு டு செட் கெஸ்ட் நோட்டிஃபையர் (-24), என்ஷூர் ஆக்செல் கேவிஎம் இஸ் செட்". எதையும் மாத்தல.

பீனிக்ஸ்_மணி: அதுவே சொல்லுதே, கேவிஎம் (சிபியு உதவியோட விஎம்மை வேகமா ஓட்டுற லினக்ஸ் வசதி) ஆஃப். போர்டு பேட்டரி செத்து பயாஸ் செட்டிங் போயிருக்கும்.

கெர்னல்தாத்தா: கேவிஎம் இல்லேன்னா மொத்த விஎம்மும் தவழும், மணி. அந்த வால் எல்லா எரருக்கும் ஒட்டுற பல்லவி. பார்க்க வேண்டியது -24: இஎம்ஃபைல், ப்ராசஸுக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் கெர்னல் தர்ற எண்) தீர்ந்துபோச்சு. எர்நோ (எரர் எண்) படிக்கத் தெரியாதவங்க கையில ப்ரொடக்ஷன்!

ஜோபர்க்_வள்ளி: செல்வா, எத்தனை டிஸ்க், எத்தனை விசிபியு (விஎம்மோட சிபியு), எந்த வெர்ஷன்? லிப்வர்ட்டா (விஎம் நிர்வாக டூல்), சொந்த ஸ்கிரிப்டா? எல்லா டிஸ்க்குமா?

செல்வா_டர்பன்: 22 டிஸ்க், கடைசி மூணு மட்டும். 8.2, ஸ்கிரிப்ட், சிஸ்டம்டி (லினக்ஸ் சர்வீஸ் நிர்வாகி) சர்வீஸ். போன வாரம் ஸ்கிரிப்ட்ல விசிபியு 8-ஐ 24 ஆக்கினேன், அது டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லையே.

ஜோபர்க்_வள்ளி: அதுதான் சம்பந்தம். 5.2 மெஷின் டைப்பிலிருந்து வர்ட்ஐஓ-பிளாக்குக்கு விசிபியுவுக்கு ஒரு க்யூ (கோரிக்கை வரிசை). க்யூவுக்கு ரெண்டு ஈவென்ட்எஃப்டி (சேதி சொல்ற ஃபைல் டிஸ்கிரிப்டர்): கெஸ்ட் (விஎம்) ஹோஸ்ட்டைத் தட்ட ஒண்ணு, ஹோஸ்ட் இன்டரப்ட் அனுப்ப ஒண்ணு. முன்ன 22×8×2 = 352. இப்போ 22×24×2 = 1056, மத்த ஃபைல்கள் தனி. சிஸ்டம்டி ஒரு ப்ராசஸுக்கு விடுற டிஸ்கிரிப்டர் சாஃப்ட் லிமிட் 1024. கடைசியில வந்த டிஸ்க்குகளுக்கு மிஞ்சல. கரன்ட் போய் க்யூஎமு புதுசாத் தொடங்கினப்பதான் 24 விசிபியு அமலுக்கு வந்திருக்கு.

சர்வீஸ் ஃபைல்ல லிமிட்நோஃபைல்=8192, டீமன்-ரீலோட், அப்புறம் சர்வீஸை நிறுத்தித் தொடங்குங்க. விஎம்முக்குள்ள ரீபூட் பண்ணினா அதே ப்ராசஸ், அதே லிமிட். டிஸ்க்குக்கு நம்-க்யூஸ்=4 வச்சா 176-ல முடியும்; 24 க்யூ பெரும்பாலும் வீண்.

பீனிக்ஸ்_மணி: தீர்ந்துட்டா விஎம் ஏறவே கூடாது. சத்தமில்லாம மெதுவாகிறது என்ன எரர் ஹேண்ட்லிங்?

கெர்னல்தாத்தா: விஎம்முக்குள்ள இருக்கிற டிரைவர் "ரெடி" சொன்ன பிறகுதான் நோட்டிஃபையர் (அந்த ஈவென்ட்எஃப்டி) கட்டுறாங்க, தம்பி. விஎம் அப்பவே ஓடிட்டிருக்கு. நோட்டிஃபை வெறும் ரைட், பதில் வராது. அதான் விசிபியு த்ரெட்டே வெளிய வந்து க்யூவைப் பார்க்குது. மெதுவு, ஆனா டேட்டா பத்திரம்.

பீனிக்ஸ்_மணி: ஸ்டேட்டஸ்ல 'ரீசெட் வேணும்'னு சாதனம் டிரைவருக்குச் சொல்ற நீட்ஸ்-ரீசெட் பிட், 64, எதுக்கு இருக்காம்?

கெர்னல்தாத்தா: லினக்ஸ் பிளாக் டிரைவர் அதைக் கண்டுக்கிறதில்ல. ஏத்திப் பாரு, டிஸ்க் தொங்கும்.

செல்வா_டர்பன்: 8192 போட்டேன். 22-ம் சரி. நன்றிக்கா.

ஜோபர்க்_வள்ளி: க்யூ குறைச்சீங்களா?